அளக்காத இரண்டு மாதங்கள்

மார்ச் 2

பிளஸ் ஒன் செய்முறைத் தேர்வு முடிந்தது. ஊசல் சோதனையில் ஒருத்தி எல்லா அளவுகளையும் புத்தகத்து விடைக்கு அச்சாகப் பொருந்தும்படி எழுதியிருந்தாள். ஊசலைத் தொட்டாயா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். நிஜமாக அளந்தால் ஒன்று கூடும், ஒன்று குறையும். மின்விசிறிக் காற்று அடிக்கும், கை நடுங்கும். அளவுகள் இப்படி அணிவகுத்து நிற்காது. இத்தனை வருடம் இயற்பியல் நடத்தியவளுக்கு இது தெரியாதா? வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் பிள்ளை பாவம் என்று முழு மதிப்பெண் போட்டுவிட்டார். வீடு வரும்வரை எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

வீட்டில் சொல்ல ஆள் இல்லை. அதற்காகத்தான் இதை எழுதத் தொடங்கியிருக்கிறேன். லியோன்ஸ் இருந்திருந்தால் காபி ஆறும்வரை கேட்டுவிட்டு, "சரி, நீ ஜெயிச்சிட்ட" என்று எழுந்து போயிருப்பார். கல்யாணமான நாளிலிருந்து என்னோடு ஒரு வாதத்தையும் அவர் முடித்ததில்லை.

மார்ச் 9

எரிவாயு இணைப்பை என் பெயருக்கு மாற்றப் போனேன். இறப்புச் சான்றிதழின் நகலைக் கேட்டார்கள், கொடுத்தேன். அசலையும் காட்டச் சொன்னார்கள், காட்டினேன். எல்லாம் முடிந்து கைப்பேசியில் வந்த செய்தி "அன்புள்ள லியோன்ஸ் மச்சாது" என்றே ஆரம்பிக்கிறது. சண்டை போடத் தோன்றவில்லை. இருக்கட்டும் என்று வந்துவிட்டேன்.

மாலையில் இசக்கியம்மாள் வந்தாள். ஓட்டப்பிடாரம் பக்கத்துப் பெண். அவரிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தவள். அவர் இங்கே தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் கடல் உயிரியல் பேராசிரியர். முத்துச்சிப்பிகளைக் கூடைகளில் போட்டுக் கடலில் தொங்கவிட்டு, மாதம் ஒருமுறை படகில் போய்த் தூக்கி, ஒவ்வொன்றாக அளந்து மறுபடி இறக்குவார்கள். ஒன்றரை வருடம் இதே வேலை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு உயரம் பார்க்கிற மாதிரி இருக்கிறதே என்று நான் கேலி செய்வேன். அவர் எழுதிய கட்டுரை ஒன்றைக்கூட நான் படித்ததில்லை. சிப்பிக் கதையை யார் படிப்பது என்று சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டேன்.

துறைத்தலைவர் சிவசைலம் ஒரு பெட்டி மக்ரூன் இனிப்பு கொடுத்தனுப்பியிருந்தார். கூடவே ஒரு படிவம். அந்த ஒன்றரை வருட ஆய்வு முழுக் கட்டுரையாகி வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றுக்குப் போகிறதாம். முதல் பெயர் அவருடையது, அடுத்தது இசக்கி, கடைசியில் சிவசைலம். பெயர் போட்ட ஒவ்வொருவரும் கட்டுரையைப் படித்தேன், இதற்கு நான் பொறுப்பு என்று கையெழுத்திட வேண்டும் என்பது இதழின் விதி. இறந்தவருக்காக அவர் குடும்பம் கையெழுத்திடலாம்.

உன் ஸார் இருந்தபோது இதைப் படித்தாரா என்று கேட்டேன். பாதிவரை படித்தார் என்று சொன்னாள். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, மக்ரூன் பெட்டியைப் பார்த்தாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கட்டுரையின் நகலை வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். கையெழுத்துப் போட எனக்கு ஆசைதான். அச்சில் அவர் பெயரை இன்னொரு முறை பார்க்கலாம்.

மார்ச் 10

பெங்களூரிலிருந்து ஷெரின் பேசினாள். உடனே போட்டுக் கொடுங்கம்மா என்றாள். ஆகஸ்ட் பத்தொன்பதில் அவருக்கு முதலாண்டு நினைவு நாள். அன்றைக்குக் கல்லூரியில் புதிதாகக் கட்டிய கடல்வாழ் உயிர்க் கூடத்துக்கு அப்பா பெயரைச் சூட்டப்போகிறார்கள் என்று சிவசைலம் அவளுக்கும் சொல்லியிருக்கிறார். இப்போதே விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். எனக்கும் உள்ளூரப் பெருமையாக இருந்தது. அன்றைக்கு என்ன சேலை கட்டுவது என்றுகூட யோசித்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

மார்ச் 15

ஞாயிறு. பூசை முடிந்து வந்து, மதியச் சாப்பாடு முடிந்ததும் கட்டுரையை எடுத்தேன். படித்தேன் என்று கையெழுத்திடுவதற்கு முன்னால் படித்துவிட வேண்டும் என்பது என் பிடிவாதம். ஆங்கிலத்தில் இருபது பக்கம். சிப்பியின் குடும்ப வரலாறெல்லாம் எனக்கு வேண்டாம் என்று நேரே அட்டவணைக்குப் போனேன்.

மாதவாரியாக அளவுகள். வெர்னியர் காலிப்பரால் அளந்தவை. அது என் ஊர்ப் பாஷை. நல்ல அளவுகள், நிஜமான அளவுகள். மார்ச்சில் துள்ளியிருக்கிறது, மேயில் சுணங்கியிருக்கிறது, ஒரு மாதம் காரணமே இல்லாமல் இறங்கியிருக்கிறது. நவம்பர், டிசம்பரில் மட்டும் எண்கள் கைகட்டி நிற்கின்றன. அக்டோபருக்கும் ஜனவரிக்கும் நடுவில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டால் எங்கே விழுமோ சரியாக அங்கே. செத்த சிப்பிகள் என்ற பத்தியில் இரண்டு மாதத்துக்கும் சுழியம். அதை வைத்துத்தான் மழைக்காலத்திலும் சிப்பிகள் சாவதில்லை, வளர்ச்சி தளர்வதில்லை என்று கட்டுரை முடிகிறது.

அந்த நவம்பரில், போவதற்கு ஒன்பது மாதம் முன்பு, அவர் மதுரையில் ஆஸ்பத்திரியில் இருந்தார். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். டிசம்பர் முழுக்க வீட்டில் ஓய்வு. இரண்டு மாதமும் நான் பள்ளிக்கு விடுப்பு போட்டுக் கூடவே இருந்தேன். கடற்கரைப் பக்கம் போய்விடக் கூடாது என்று அவர் செருப்பையே எடுத்துப் பீரோவுக்கு மேலே வைத்தவள் நான். கல்லூரியிலிருந்து யாரும் வரக் கூடாது, வேலைப் பேச்சே கூடாது என்று இசக்கியிடமும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். வெளியே மழையும் காற்றும். அந்தக் கடலில் அவள் தனியாகப் படகேறிப் போயிருக்க முடியாது.

அப்படியானால் யார் அளந்தது?

மார்ச் 16

பால் திரிந்துவிட்டது. வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 18

அரை நாள் விடுப்பு போட்டுக் கல்லூரிக்குப் போனேன். சிவசைலம் எழுந்து நின்று வரவேற்றார். அவர் கெட்டவர் இல்லை. இறப்பு வீட்டில் மூன்று நாளும் நின்று வேலை பார்த்தவர். ஆனால் கடலில் கால் நனைத்ததே இல்லை என்று லியோன்ஸ் சொல்லுவார். துறைத்தலைவராக இருப்பவரின் பெயரைக் கட்டுரையில் கடைசியாகச் சேர்ப்பது அங்கே வழக்கம். "வீட்டு வரி மாதிரி, கட்டிட்டுப் போகணும்" என்று சிரிப்பார். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

அந்த இரண்டு மாதத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் அட்டவணையைப் புரட்டிய விதத்திலேயே அதை முதல்முறையாகப் பார்க்கிறார் என்று தெரிந்தது. பிறகு, இதே எண்கள் போன மே மாதமே சின்னக் கட்டுரையாக உள்நாட்டு ஆய்விதழ் ஒன்றில் வந்துவிட்டன என்றார். அதிலும் இதே மூன்று பெயர்கள். அது எனக்குத் தெரியாது. வந்ததும் லியோன்ஸ் வீட்டில் காட்டவில்லை.

நான் விடவில்லை. பிறகு அவர் ஆறுதல் சொல்லுகிற குரலில் சொன்னார்: "ஏன் டீச்சர் மனசக் கொழப்பிக்கிடுதீங்க? ஸார் பேரு முதல்ல இருக்கு. அவங்களே இல்லைங்கும்போது யாரு போயி யார்கிட்ட கேக்கப்போறா?"

பேருந்தில் வரும்போதுதான் அந்தப் பேச்சின் அர்த்தம் எனக்கு முழுதாக உறைத்தது. இசக்கி எண்களைச் சமைத்துவிட்டாள், இப்போது இவரும் அவளும் சேர்ந்து அதைச் செத்தவர் தலையில் கட்டப்பார்க்கிறார்கள். வாயில்லாதவர் பெயரை முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னால் ஒளிந்துகொள்கிறார்கள். அதற்கு மக்ரூன் வேறு. பெட்டியை அப்படியே எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 19

இசக்கியைப் போனில் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

மார்ச் 20

எடுக்கவில்லை.

மார்ச் 22

இன்று அவளே வந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நான் அடுப்படியில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன், அவள் கதவோரம் நின்றாள். நான் என் கோபத்தையெல்லாம் கொட்டினேன். உனக்குச் சோறு போட்டிருக்கிறாரே, அவர் பேரிலா இதைச் செய்தாய் என்றுகூடக் கேட்டுவிட்டேன். அவள் அழவில்லை. நான் முடிக்கும்வரை நின்று கேட்டாள்.

பிறகு சொன்னாள். "ஸார்தான் டீச்சர் போடச் சொன்னாங்க."

மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து அவர் அவளுக்குப் போன் செய்திருக்கிறார். ஆய்வுத் திட்டத்தின் ஆண்டறிக்கையை ஜனவரிக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். இரண்டு கட்டம் காலியாக இருந்தால் திட்டத்தை நிறுத்திவிடுவார்கள், அவள் உதவித்தொகையும் நின்றுவிடும் என்று அவருக்குக் கவலை. கோடு எப்படிப் போகிறதோ அப்படி இரண்டு புள்ளி வை, பிறகு நான் வந்து திருத்திக்கொள்கிறேன் என்றாராம். அறிக்கைக்குப் போன எண்கள் அப்படியே சின்னக் கட்டுரைக்கும் போய்விட்டன. திருத்துவோம் திருத்துவோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். ஜூலையில்கூட ஒரு நாள் படகிலிருந்து இறங்கும்போது, அதை எழுதிப் போடணும் இசக்கி என்றாராம். அடுத்த மாதம் போய்விட்டார்.

ஜூலையில் சொன்னது நிஜமா, அல்லது என் முகத்தைப் பார்த்து அவள் சேர்த்துக்கொண்டதா என்று தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

அவர் போன் செய்தபோது நான் எங்கே இருந்தேன் என்று மட்டும் கேட்டேன்.

"டீச்சர் கீழ மருந்து வாங்கப் போயிருக்காங்க, வாரதுக்குள்ள சொல்லிருதேன்னு சொன்னாங்க" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "டீச்சருக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்னு சொல்லிச் சிரிச்சாங்க" என்றாள்.

அந்த ஆஸ்பத்திரி மருந்துக்கடையில் எப்போதும் நீளமான வரிசை. சீட்டைக் கொடுத்தால் ஒரு மருந்து இருக்கும், ஒரு மருந்து இருக்காது. தெருவைக் கடந்து எதிர்க்கடைக்குப் போக வேண்டும். அங்கே ஆரஞ்சுப் பழமும் வாங்கினேன் என்று நினைவு.

கத்தரிக்காயை நறுக்கி முடித்து, அவளைச் சாப்பிடச் சொன்னேன். வேண்டாம் என்று போய்விட்டாள்.

மார்ச் 23

பள்ளிக்குப் போனேன்.

மார்ச் 25

வாசலில் சீலா மீன் வந்தது. நல்ல மீன். அவருக்குத்தான் சீலா உயிர். வாங்கவில்லை.

மார்ச் 29

குருத்தோலை ஞாயிறு. பவனியில் நடந்துகொண்டே அவரோடு சண்டை போட்டேன். உதடு அசைந்திருக்கும்போல, பக்கத்தில் வந்தவள் நான் செபம் சொல்லுவதாக நினைத்து வழி விட்டாள்.

இரண்டு கட்டத்தைக் காலியாக விட்டால் என்ன குறைந்துவிடும்? உடம்பு சரியில்லை, அளக்கவில்லை என்று எழுத ஒரு வரி போதுமே. என் பிள்ளைகளிடம் அதைத்தானே வருடாவருடம் சொல்லுகிறேன். எடுக்காத அளவை எழுதாதே, எடுக்கவில்லை என்று எழுது, நான் அடிக்கமாட்டேன். பொய்யாக எழுதினால்தான் அடிப்பேன்.

இதை எப்போதாவது அவரிடமும் சொல்லியிருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். முதல் பாதியை அவரிடம் சொன்ன நினைவில்லை. அடிப்பேன் என்பதை மட்டும் நிறையச் சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 1

பாவசங்கீர்த்தனத்துக்கு நின்றேன். வரிசை நகர நகர, சொல்ல என்ன இருக்கிறது என்று தேடினேன். கோபம், கடுஞ்சொல் என்று வழக்கமானவை இருந்தன. மனதில் நின்றதோ அவருடையது. அவர் சார்பில் கட்டுரைக்குக் கையெழுத்துப் போடலாம் என்கிறார்கள். அவர் சார்பில் இதைச் சொல்ல முடியுமா? கூண்டுக்குள் சாமியாரிடம் கேட்டேன். இளவயதுக்காரர். அவரவர் பாவத்தை அவரவர்தான் சொல்ல வேண்டும் அம்மா, ஆனால் அவர் செய்த கெடுதல் இன்னும் நடந்துகொண்டிருந்தால் அதை நிறுத்துவது உங்கள் கையில் இருக்கிறதா என்று பாருங்கள் என்றார்.

சிப்பியை அளக்காததில் என்ன கெடுதல் நடந்துகொண்டிருக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தேன்.

ஏப்ரல் 6

ஷெரினிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு, "அப்பா பேரக் கெடுத்துராதீங்கம்மா" என்றாள். அவ்வளவுதான். அவள் குரல் அவர் குரல் மாதிரியே இருந்தது. படிவத்தில் கையெழுத்துப் போடாவிட்டால் கட்டுரை நின்றுவிடும், அதோடு எல்லாம் அடங்கிவிடும் என்பது அவள் யோசனை. எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. கையெழுத்துப் போடாமல் வாயை மூடிக்கொண்டிருந்தால் நானும் பொய் சொன்னவள் ஆகமாட்டேன், அவர் பெயரும் கூடத்தில் இருக்கும்.

இன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 12

கையெழுத்துப் போடப்போவதில்லை, அதோடு விட்டுவிடு என்று சொல்லத்தான் இசக்கியை வரச் சொன்னேன். கேட்டதும் நிம்மதிப்படுவாள் என்று நினைத்தேன். அவளோ தன் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். கடலோர ஊர் ஒன்றில் பெண்கள் குழுவுக்குச் சிவசைலம் நடத்திய பயிற்சி முகாம். பின்னால் திரையில் ஒரு வரைபடம். போன வருடம் வந்த சின்னக் கட்டுரையின் வரைபடம். மழைக்காலத்துக்குப் பயப்படாமல் அக்டோபரிலேயே கூடை இறக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்கள் இந்த அக்டோபரில் இறக்கப்போகிறார்கள்.

"இறக்கினா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

அவர் ஓய்வு முடிந்து, அந்த ஜனவரியில் அவளும் ஸாரும் போனபோது பாதிக் கூடைகள் இல்லையாம். கயிறு அறுந்துபோயிருக்கும் என்று எழுதிவிட்டார்கள். மிச்சமிருந்த சிப்பிகளை மட்டும் அளந்தார்கள். காணாமல்போனவை கயிறு அறுந்து போனவையா, அதற்கு முன்பே ஆற்றுத் தண்ணீர் கலந்து செத்தவையா என்று பார்க்க ஆள் இல்லை.

"என்ன ஆகும்னு நமக்குத் தெரியாது டீச்சர். தெரியாதுங்கிறதுதான் விஷயம். தெரியும்னு எழுதி வச்சிருக்கோம்."

திருத்தம் போட்டால் உனக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். ஆய்வேட்டை ஒப்படைக்க இரண்டு கட்டுரை வெளிவந்திருக்க வேண்டும். அந்தச் சின்னக் கட்டுரை அதில் ஒன்று. இதழ்க்காரர்கள் அதையே நீக்கிவிட்டால் இந்த வருடம் ஒப்படைக்க முடியாது. அடுத்த வருடமும் சந்தேகம். நாலு வருட உழைப்பு. வீட்டில் அவளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதை அவள் அப்பா இந்தப் பட்டத்துக்காகத்தான் நிறுத்தி வைத்திருக்கிறார்.

அப்படியிருந்தும் எனக்கு அந்தப் படத்தைக் காட்டினாள். என் மகளாக இருந்தால் காட்டியிருப்பாளா என்று தெரியவில்லை. நானாக இருந்தால்கூடத் தெரியவில்லை.

ஏப்ரல் 13

விடைத்தாள் திருத்தும் மையத்துக்குப் போய்வந்தேன். வெயில் கொல்லுகிறது. பேருந்தில் இரண்டு பக்கமும் பெண்கள் கூடைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். மீன் கூடைதான், சிப்பிக் கூடை இல்லை. இருந்தாலும் அவர்களைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஏப்ரல் 19

அவருக்கு நான் செய்யக்கூடிய காரியங்களில் இது எந்த வகை என்று எனக்குத் தெரியவில்லை. நடந்ததை எழுதிவைக்கிறேன்.

இசக்கி, சின்னக் கட்டுரை வந்த இதழின் ஆசிரியருக்கு அனுப்பக் கடிதம் எழுதிக்கொண்டு வந்தாள். படித்துப் பார்த்தேன். நவம்பர், டிசம்பர் அளவுகள் எடுக்கப்படவில்லை, அந்த எண்களை நானே பேராசிரியருக்குத் தெரியாமல் நிரப்பினேன், அவரும் மூன்றாம் ஆசிரியரும் இதற்குப் பொறுப்பல்லர் என்று இருந்தது. கையெழுத்தும் போட்டுவிட்டாள்.

ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், எனக்கு அந்தக் கடிதம் பிடித்திருந்தது. பெண்கள் கூடை இறக்கமாட்டார்கள், கூடத்துக்கு அவர் பெயர், ஷெரினுக்கு நிம்மதி. எல்லாமே கிடைத்துவிடுகிறது. அந்தப் பெண்ணைத் தவிர யாருக்கும் நஷ்டம் இல்லை. அவளும் தானாகத்தான் கொடுக்கிறாள். நான் கேட்கவில்லை.

அப்போது நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். மதிப்பெண்ணுக்காகக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுவும் சமைச்சதுதான்" என்றேன்.

அவளுக்குப் புரிந்தது. ஸார் எனக்காகத்தானே செஞ்சாங்க, அவங்களை எப்படி எழுதுறது என்றாள். சிவசைலம் ஸாரும் அதையே சொன்னாராம், போனவரைக் காட்டிக்கொடுக்காதே என்று. தன் பெயரையும் விட்டுவிடச் சொன்னாராம், நான் பேருக்குத்தானே இருக்கிறேன் என்று. முதல்முறையாக அவர் ஓர் உண்மையான அளவைச் சொல்லியிருக்கிறார்.

"பேரு போட்டவங்கதான் இசக்கி பதில் சொல்லணும். முதல் பேரு அவுக பேரு."

"ஸார் இல்லையே டீச்சர்."

"நான் இருக்கேன்ல."

கடிதத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினோம். முதல் ஆசிரியர் அந்த நாட்களில் மருத்துவமனையிலும் வீட்டிலும் இருந்தார். இரண்டு மாதமும் அளவு எடுக்கப்படவில்லை. அவர் சொன்னபடி இரண்டாம் ஆசிரியர் எண்களை நிரப்பினார். மூன்றாம் ஆசிரியர் அட்டவணையைச் சரிபார்க்கவில்லை. மழைக்காலம் பற்றிய முடிவை நம்ப வேண்டாம். அவ்வளவுதான். அவரைப் பற்றி அப்படி எழுத அவளுக்குக் கை வரவில்லை, நான் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல எழுதினாள். "அவர் சொன்னபடி" என்ற இடத்தில் நிறுத்தி எழுந்துபோனேன். தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டின் நகலை இணைத்தோம். கீழே, மறைந்த ஆசிரியரின் மனைவி என்று போட்டுக் கையெழுத்திட்டேன். மக்ரூனோடு வந்த படிவத்தில் போட ஆசைப்பட்ட அதே கையெழுத்துதான்.

ஏப்ரல் 20

ஷெரின் போனை எடுக்கவில்லை.

மே 11

இதழிலிருந்து மூன்று பேருக்கும் தனித்தனியாகக் கேள்வி வந்திருக்கிறது. சிவசைலம் எனக்குப் போன் செய்து, மேடம் என்று கூப்பிட்டார். இத்தனை வருடமும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். கூடத்துக்குப் பெயர் வைப்பதை நிர்வாகம் மறுபடி யோசிக்கிறதாம். அவர் கையில் ஒன்றும் இல்லையாம். நான் சரி என்றேன். இன்னும் ஏதாவது சொல்லுவேன் என்று காத்திருந்துவிட்டு வைத்துவிட்டார்.

வைத்த பிறகு அழுதேன். அந்தப் பெயர்ப்பலகை எனக்கு வேண்டும்தான். வேண்டாம் என்று யாரிடமும் நான் சொல்லவில்லை.

ஜூன் 14

பள்ளி திறந்துவிட்டது. புது பிளஸ் ஒன். முதல் செய்முறை வகுப்பில் வெர்னியர். அளக்க முடியாவிட்டால் அளக்கவில்லை என்று எழுதுங்கள், நான் அடிக்கமாட்டேன் என்றேன். இரண்டாவது பாதியைச் சொல்லவில்லை. பிள்ளைகள் நம்பாமல் பார்த்தார்கள்.

ஜூலை 20

இசக்கி வந்தாள். சின்னக் கட்டுரையை நீக்கவில்லை, திருத்தம் போடுகிறார்களாம். தானாக முன்வந்து சொன்னதால் அப்படி. ஆனால் மழைக்கால முடிவு போய்விட்டபிறகு அந்தக் கட்டுரை அவள் ஆய்வேட்டுக்குக் கணக்கில் வராது என்று பல்கலைக்கழகத்தில் சொல்லிவிட்டார்கள். ஒரு வருடம் நீட்டித்திருக்கிறார்கள். இந்த நவம்பரிலும் டிசம்பரிலும் அவளே கடலுக்குப் போய் அளக்க வேண்டும். உதவித்தொகை கிடையாது. பெண்கள் குழுவுக்கும் போய்ச் சொல்லிவிட்டாளாம். அவர்கள் அவளைத் திட்டினார்களாம், பிறகு டீ கொடுத்தார்களாம்.

அவள் அப்பா அவளோடு பேசுவதில்லை. மதியம் சீலா குழம்பு வைத்திருந்தேன். இந்த முறை சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 19

காலையில் அவருக்கு நினைவுப் பூசை. ஷெரின் நேற்றே வந்துவிட்டாள். இன்னும் என்னோடு முழுதாகச் சமாதானமாகவில்லை, ஆனால் கல்லறையில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்லூரியிலிருந்து இரண்டு மூன்று பேர் வந்தார்கள். சிவசைலம் வரவில்லை. கூடத்துக்குக் கல்லூரி நிறுவனரின் பெயரை வைத்துவிட்டார்களாம்.

இசக்கி திருத்தத்தை அச்செடுத்துக் கொண்டுவந்தாள். நேற்றுத்தான் வெளியானது. எல்லோரும் போனபிறகு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படித்தேன். அரைப் பக்கம். முதலில் அவர் பெயர், பக்கத்தில் மறைந்தவர் என்பதற்கு ஒரு சிறிய குறி. நாங்கள் எழுதிய வரிகளைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறார்கள், மருத்துவமனை பற்றிய வரியை எடுத்துவிட்டார்கள். "முதல் ஆசிரியர் சொன்னபடி" என்பதை மாற்றவில்லை. ஷெரின் என் தோளுக்கு மேலே குனிந்து அவளும் படித்தாள். படித்து முடித்து, அப்பா பெயருக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றாள்.

கீழே திருத்திய அட்டவணை. அக்டோபரில் ஓர் எண், ஜனவரியில் ஓர் எண். நடுவில் நவம்பருக்கும் டிசம்பருக்கும் நேராக இரண்டு சிறு கோடுகள், அளக்கப்படவில்லை என்று. இனி யார் பார்த்தாலும் அந்த இரண்டு மாதம் பேராசிரியர் மச்சாது என்ன செய்தார் என்று தெரியாது. எனக்குத் தெரியும். கல்யாணமானதிலிருந்து முதல்முறையாக, தினமும் மதியம் அவர் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டார்.